கொங்கு நாட்டுக் கல்யாண வீடியோவில் கிம்பல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டைச் சுற்றியுள்ள மண்டபங்களில் பல ஆண்டுகளாகக் கல்யாண வீடியோ எடுத்துவருகிறேன். கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பல் என்ற கருவியைப் புதிதாக வாங்கிய தம்பிகள், முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றையும் அவற்றுக்கு நான் சொல்லும் விடைகளையும் இங்கே எழுதிவைக்கிறேன். கருவியோடு வரும் கையேட்டில் இருப்பதை முழுவதும் திரும்பச் சொல்லாமல், நம் பகுதிக் கல்யாணங்களில் அது எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதையே விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

கிம்பல் உண்மையில் என்ன வேலை செய்கிறது?

கிம்பலில் கேமராவைத் தாங்கும் கைகளின் மூன்று மூட்டுகளில் மூன்று மோட்டார்கள் இருக்கின்றன. இடவலமாகத் திரும்புவதைப் பேன் என்றும், மேலும் கீழும் சாய்வதை டில்ட் என்றும், பக்கவாட்டில் சரிவதை ரோல் என்றும் சொல்கிறோம். நம் கை நடுங்கிக் கேமரா ஒரு பக்கம் சாயத் தொடங்கும்போதே உள்ளிருக்கும் உணரிகள் அதைக் கண்டுகொள்ள, மோட்டார் அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி நேராக்கிவிடுகிறது.

இந்த மூன்றும் திரும்பும் அசைவுகள் மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். நடக்கும்போது உடம்பு முழுவதும் மேலே எழும்பிக் கீழே இறங்குகிறதே, அந்த அசைவைக் கிம்பல் தொடுவதே இல்லை. 1970களில் அமெரிக்கரான காரெட் பிரவுன் உருவாக்கிய ஸ்டெடிகேமில் மோட்டார் கிடையாது. ஆனால் உடம்போடு கட்டிய கவசத்திலிருந்து நீளும் ஸ்பிரிங் கை அந்த மேல்கீழ் ஆட்டத்தை விழுங்கிவிடும். மோட்டார் கிம்பல்கள் 2013, 2014 ஆண்டுகளில் மோவி, ரோனின் ஆகிய பெயர்களில் வந்தபோது ஸ்பிரிங் கை போய்விட்டது. 2018இல் ரோனின்-எஸ் போன்ற ஒற்றைக்கைப் பிடி வந்த பிறகு கல்யாண வீடியோக்காரர் எல்லோரிடமும் ஒன்று சேர்ந்துவிட்டது. போன அந்த ஸ்பிரிங்கின் வேலையை நம் முழங்கால்தான் செய்தாக வேண்டும். கீழே வரும் கேள்விகளில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்து பிறந்தவையே.

நம் பக்கத்துக் கல்யாணத்துக்கு இது கட்டாயம் தேவையா?

கல்யாணத்தில் பாதிக்குத் தேவை. மறுபாதிக்குத் தேவையில்லை என்பதோடு, இடைஞ்சலும்கூட. யாராவது நடந்தால், அல்லது ஓரிடத்தை நடந்து காட்டவேண்டியிருந்தால், கிம்பல் வேண்டும். எல்லோரும் உட்கார்ந்து ஒரு சீர், அதாவது சடங்கு, நடந்துகொண்டிருந்தால் டிரைபாடு போதும். கிம்பல் கையில் இருக்கிறதே என்பதற்காக மணமேடையை இருபது முறை வலம் வரும் வீடியோவை நான் பார்த்திருக்கிறேன். பெண்ணும் மாப்பிள்ளையும் பம்பரத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

எந்தக் கேமராவுக்கு எந்த அளவு கிம்பல் வாங்குவது?

முதலில் உங்கள் கேமராவையும் லென்ஸையும் மளிகைக்கடைத் தராசிலாவது வைத்து நிறுத்துப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, சோனி ஏ7 IV கேமரா பேட்டரி, கார்டோடு 658 கிராம். அதனோடு சோனியின் இரண்டாம் தலைமுறை 24-70 எஃப் 2.8 ஜிஎம் லென்ஸ் 695 கிராம். இரண்டும் சேர்ந்து 1,353 கிராம் ஆகிறது. இதன்மேல் பிளேட், மைக், ஃபில்டர் என்று ஏற ஏற ஒன்றரைக் கிலோவைத் தாண்டிவிடும்.

கிம்பல் செய்யும் டிஜேஐ நிறுவனத்தின் ஆர்எஸ் 3 மினி 2 கிலோ வரையிலும், ஆர்எஸ் 3, ஆர்எஸ் 4 இரண்டும் 3 கிலோ வரையிலும், அவற்றின் புரோ வகைகள் 4.5 கிலோ வரையிலும் தாங்கும் என்று அந்நிறுவனம் குறிப்பிடுகிறது. எண்ணைப் பார்த்தால் மேற்சொன்ன கேமரா மினிக்கே போதும்போல் தோன்றும். ஆனால் எடை மட்டும் கணக்கல்ல; லென்ஸ் நீளமாக இருந்தால் கேமராவைப் பின்னுக்குத் தள்ளுவதற்குச் சிறிய கிம்பலில் இடம் போதாது. தாங்கும் எடையில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் உங்கள் கேமரா இருக்குமாறு வாங்கினால் மோட்டாரும் சூடாகாது, பேட்டரியும் நிற்கும். புரோ வகை பெரியது என்பதற்காகவே வாங்க வேண்டாம். இரவு எட்டு மணி வரவேற்பில் தொடங்கி மறுநாள் மதியப் பந்தி வரை அதைச் சுமக்கப்போவது உங்கள் மணிக்கட்டு.

பேலன்ஸ் செய்வது எப்படி? ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டுமா?

ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். மோட்டாரின் உதவியில்லாமலே கேமரா கிம்பலில் சமநிலையாக நிற்குமாறு வைப்பதுதான் பேலன்ஸ். மோட்டாரை அணைத்துவிட்டு, படம் எடுக்கும்போது கேமராவில் என்னென்ன இருக்குமோ அவை அத்தனையையும் மாட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்: பேட்டரி, கார்டு, மைக், வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் எல்லாம் இருக்க வேண்டும்; லென்ஸ் மூடி இருக்கக் கூடாது. திரை திறந்து வைத்து எடுப்பவர் திறந்து வைத்தே பேலன்ஸ் செய்ய வேண்டும். இருபது கிராம் மூடிதானே என்று நினைப்பவர்கள், அது லென்ஸின் நுனியில், அதாவது நெம்புகோலின் கடைக்கோடியில் தொங்குகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

லென்ஸை வானம் பார்க்கத் திருப்பிக் கையை விட்டால் கேமரா அப்படியே நிற்க வேண்டும். முன்னாலோ பின்னாலோ சாய்ந்தால் உயரத்தை மாற்ற வேண்டும். பிறகு லென்ஸை நேராக வைத்து முன்பின் நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். அடுத்து ரோல் கையை இடவலமாக நகர்த்த வேண்டும். கடைசியில் பேன்: கிம்பலின் பிடியைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் கை தானாகச் சுற்றிக் கீழே ஓடக் கூடாது. இந்தக் கடைசிச் சோதனையைத்தான் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறோம். டில்ட் மூட்டு, கேமராவை எந்தக் கோணத்தில் விட்டாலும் அந்தக் கோணத்திலேயே நின்றால்தான் பேலன்ஸ் முடிந்தது என்று பொருள். நேராக மட்டும் நிற்பது போதாது.

காங்கேயம் பக்கம் ஒரு முகூர்த்தத்தில் நான் பட்ட பாட்டை இங்கே சொல்லிவிடுகிறேன். காலை நான்கரை மணிக்குச் சிறிய 35 மில்லிமீட்டர் லென்ஸோடு பேலன்ஸ் செய்து வைத்திருந்தேன். தாலி கட்டும் நேரத்தில் நெருக்கமாகவும் ஒரு காட்சி வேண்டும் என்று தோன்ற, மேடையின் பின்புறம் போய் 24-70 லென்ஸை மாட்டிக்கொண்டு அப்படியே ஓடிவந்தேன். மோட்டார் தாங்கியது; தாங்குவதுபோல் தோன்றியது. கெட்டிமேளம் தொடங்கியதும் பிடிக்குள் ஒரு மெல்லிய உறுமல் கேட்டது, அடுத்த நொடி கேமரா தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. மாப்பிள்ளையின் கை மேலே போகிறது, என் படத்தில் மணையும் தரையில் சிதறிய அரிசியும் தெரிகின்றன. எதிரே டிரைபாடில் நின்ற கேமராதான் அன்று மானத்தைக் காப்பாற்றியது. லென்ஸை மாற்றினால் பேலன்ஸை மாற்ற வேண்டும். அதற்கு நேரம் இல்லையென்றால் லென்ஸை மாற்றக் கூடாது.

பேலன்ஸ் சரியாக இருந்தும் படம் பொடிப்பொடியாக அதிர்கிறதே?

பெரும்பாலும் திருகு ஒன்று தளர்ந்திருக்கும். கேமராவுக்கு அடியில் உள்ள பிளேட்டை ஆட்டிப் பாருங்கள். சற்றேனும் அசைந்தால் அதுதான் குற்றவாளி. அது இறுக்கமாக இருந்தால், மோட்டாரின் விசை கேமராவின் எடைக்கு மீறி வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ஆட்டோ டியூன் அல்லது ஆட்டோ கேலிபரேஷன் என்ற வசதியை ஒரு முறை ஓடவிட்டால் அதுவே அளந்து வைத்துக்கொள்ளும். அதைச் செய்யும்போது கிம்பலை ஆடாத தரையில் வைக்க வேண்டும். கம்பளம் விரித்த மரமேடையில் வைத்து, பக்கத்தில் நான்கு பேர் நாற்காலி இழுத்துக்கொண்டிருந்தால் அது எதை அளக்கும்?

நடக்கும்போது படம் மேலும் கீழும் குதிக்கிறது. கிம்பல் பழுதா?

கிம்பல் பழுதில்லை, நடைதான் பழகவில்லை. முன்பே சொன்னதுபோல மேல்கீழ் அசைவு கிம்பலின் வேலையே இல்லை. முழங்காலைச் சற்று மடித்து, இடுப்பைக் கொஞ்சம் தாழ்த்தி, குதிகாலை முதலில் பதித்துப் பாதத்தை உருட்டி விரல்களில் முடிக்க வேண்டும். பின்னோக்கி நடந்தால் இதுவே தலைகீழ்: விரல் முதலில், குதிகால் பிறகு. ஒவ்வோர் அடியும் சிறியதாக இருக்க வேண்டும். இரண்டு முழங்கைகளும் விலாவை ஒட்டியிருக்க, கிம்பல் நெஞ்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். கையை நீட்டிப் பிடித்தால் தோளும் வலிக்கும், படமும் ஆடும். தலையில் தண்ணீர்க் குடத்தோடு வரப்பில் நடந்துவரும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இந்த நடையை விளக்கத் தேவையில்லை.

நடை முழுவதும் கைவருவதற்குள் இரண்டு உதவிகளை நாடலாம். அகன்ற லென்ஸில் குதிப்பு குறைவாகத் தெரியும். வினாடிக்கு 50 ஃபிரேமில் எடுத்து 25க்கு மெதுவாக்கினால் பாதி வேகமாகிவிடுவதால், குதிப்பும் ஒரு மிதப்பாக மாறிவிடும். ஆனால் உதடு அசைந்து பேச்சு கேட்கவேண்டிய இடத்தில் இதைச் செய்ய முடியாது. எல்லாவற்றையும் மெதுவாக்கி நடையை மறைப்பவர்களின் வீடியோவில் பாட்டி வெற்றிலை கொடுப்பதுகூடக் கனவுக்காட்சி ஆகிவிடுகிறது.

ஃபாலோ, லாக் என்று பல மோடுகள் இருக்கின்றன. எதில் வைப்பது?

பேன் ஃபாலோவில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். இடவலத்தில் மட்டும் கை சொல்வதைக் கேட்டு, மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் நேராகவே நிற்கும் இந்த ஒன்றிலேயே கல்யாணத்தின் பெரும்பகுதி முடிந்துவிடும். படி ஏறும்போதும் கோபுரத்தைக் கீழிருந்து மேலாகக் காட்டும்போதும் டில்டையும் சேர்த்துக்கொள்ளலாம். சாப்பாட்டு வரிசையை, இலைகளை ஒட்டியே பக்கவாட்டில் நடந்து காட்டுவதற்கு, கை திரும்பினாலும் கேமரா ஒரே திசையைப் பார்த்து நிற்கும் லாக் நல்லது. ரோலையும் சேர்த்துச் சுழலவிடும் மோடு வரவேற்பு நடனத்துக்கு ஒரு முறை அழகாக இருக்கும், மறுமுறை தலைசுற்றும்.

மோடைவிட முக்கியமானது ஃபாலோ வேகம். புதிதாக வாங்கியவர்கள் அதை மிகையாக வைத்துவிடுவதால், கை சற்றே அசைந்தாலும் கேமரா வெடுக்கென்று திரும்புகிறது. குறைத்து வையுங்கள். டெட்பேண்ட் என்ற அமைப்பைச் சற்றுக் கூட்டினால், சிறிய கை நடுக்கத்தைக் கிம்பல் கட்டளையாக எடுத்துக்கொள்ளாது.

எந்த லென்ஸ் ஏற்றது?

ஒன்றுதான் என்றால் முழு ஃபிரேம் கேமராவில் 24 அல்லது 28 மில்லிமீட்டர். 16 வரை அகலமாகப் போனால் ஓரத்தில் நிற்கும் அத்தையின் தோள் இருமடங்காகிவிடும். அவர் ஆல்பத்தையும் வீடியோவையும் பார்த்துவிட்டு உங்களை மன்னிக்க மாட்டார். ஜூம் செய்தால் முன்னால் நீளும் லென்ஸ்கள் பேலன்ஸைக் கலைத்துவிடும் என்பதால், நடுவளவில் வைத்துப் பேலன்ஸ் செய்து, அதிகம் ஜூம் செய்யாமல் இருப்பதே நல்லது. சோனியின் 16-35 எஃப் 4 பவர் ஜூம் லென்ஸ் 353 கிராம்தான். ஜூம் செய்தாலும் நீளாது. மண்டபத்தில் வெளிச்சம் போதுமானால் கிம்பலுக்கு அது மிகவும் இணக்கமானது.

எல்இடி திரையிலும் சீரியல் விளக்குகளிலும் கோடுகள் ஓடுகின்றனவே?

இது கிம்பலின் கோளாறல்ல என்றாலும் கிம்பலோடு நடக்கும்போதுதான் அதிகம் கண்ணில் படுகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மின்சாரத்தின் போக்கைப் பின்பற்றும் விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுங்குகின்றன. 25 ஃபிரேமுக்கு ஷட்டரை 1/50 என்றும், 50 ஃபிரேமுக்கு 1/100 என்றும் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மலிவான சீரியல் விளக்குகளும் மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்இடி திரையும் தமக்கென்று ஒரு வேகத்தில் ஓடுகின்றன. அவற்றுக்குக் கேமராவில் ஷட்டரை நுண்ணிய அளவில் மாற்றும் வசதி இருந்தால், விருந்தினர் வருவதற்கு முன்பே திரையைப் பார்த்துத் திருப்பித் திருப்பிக் கோடு மறையும் எண்ணைக் கண்டுபிடித்துக் கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேமராவிலேயே ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது. அதையும் போட்டுக்கொள்ளலாமா?

அகன்ற லென்ஸில் நடந்தால் அணைத்துவிடுங்கள். கேமராவுக்குள் சென்சாரும் வெளியே மோட்டாரும் ஒரே அசைவைத் தனித்தனியே திருத்தப் போனால், படத்தின் மூலைகள் மட்டும் ஜெல்லிபோல் நெளியும். இரண்டு மருமகள்கள் ஒரே குழம்புக்கு உப்புப் போட்ட கதைதான். 70க்கு மேற்பட்ட லென்ஸில், நின்ற இடத்திலேயே எடுக்கும்போது போட்டுக்கொள்ளலாம். அங்கே அது உதவுகிறது.

சீர்கள் நடக்கும்போது கிம்பலோடு எங்கே நிற்பது?

இதுதான் வெளியூரிலிருந்து வரும் கேன்டிட் குழுக்கள் தடுமாறும் இடம். நம் கல்யாணம் தாலி கட்டும் ஐந்து நிமிடத்துக்காக நடப்பதில்லை. முகூர்த்தக்கால் நடுவதிலிருந்து நாட்டுக்கல் சுற்றுவது, இணைச்சீர், மங்கல வாழ்த்து, தாரை வார்ப்பது, கைகோர்வை என்று ஒன்றன்பின் ஒன்றாக அருமைக்காரர் நடத்திச்செல்கிறார். குலத்துக்குக் குலம், ஊருக்கு ஊர் வரிசையும் முறையும் மாறும். ஆகவே முதல்நாள் மாலையே அருமைக்காரரையோ வீட்டுப் பெரியவரையோ பார்த்து, எந்தச் சீர் எப்போது, எந்தத் திசை பார்த்து, யார் யார் நிற்பார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். “ஏனுங்க ஐயா, நாளைக்கு இணைச்சீருக்கு யாரு எந்தப் பக்கம் உக்காருவாங்க?” என்று கேட்டால், வீடியோக்காரத் தம்பி ஒருவன் இதைக் கேட்கிறானே என்ற மகிழ்ச்சியில் அவர் மறுநாள் உங்களுக்காக ஒரு கை இடம் விட்டும் வைப்பார்.

நாட்டுக்கல்லுக்குப் போவது நடை. முன்னால் மேளமும் நடுவே குடும்பமுமாகப் போகும் அந்த வரிசை கிம்பலுக்கென்றே அமைந்தது. பக்கவாட்டில் கூடவே நடந்து, வேட்டி நுனிகளையும் தட்டுகளையும் பிறகு முகங்களையும் எடுக்கலாம். இணைச்சீர் அப்படியல்ல. மாப்பிள்ளைக்கும் அவர் உடன்பிறந்தவளுக்கும் இடையில் நடக்கும் சீர் அது. பெண் பிள்ளை பிறந்த வீட்டில் தனக்குள்ள உரிமையை ஊரறிய ஏற்றுக்கொள்ளும் நேரம். பல வீடுகளில் அக்கா அங்கே அழுதுவிடுவார். அந்தக் கண்ணீரைச் சுற்றிக் கேமராவோடு வட்டமடிப்பது அழகல்ல. எதிரே ஆறடி தள்ளி, முழங்காலிட்டு, கேமரா அவர்கள் கண் மட்டத்தில் இருக்குமாறு அசையாமல் இருங்கள். அதிகம்போனால் ஒரே ஒரு முறை, மூச்சு விடும் வேகத்தில், இரண்டு அடி முன்னே நகரலாம்.

மங்கல வாழ்த்துக்கு டிரைபாடுதான். அது பாடி முடிய நேரமாகும். வரிக்கு வரி கேட்கவேண்டியது. அதை நடுவில் வெட்டி இசை சேர்த்துவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் வீடியோவைத் திருப்பி அனுப்புவார்கள், அனுப்பவும் வேண்டும். கிம்பல் வைத்திருப்பவர் அந்த நேரத்தில் கூட்டத்தின் பின்புறம் போய், கேட்டுக்கொண்டிருக்கும் முகங்களை எடுக்கலாம்.

மேடையில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, உறவினர் முகத்துக்கு முன்னால் முதுகைக் காட்டி நிற்பதைப் போன்ற குற்றம் வேறில்லை. பெருந்துறையில் ஒரு பெரியவர் என் தோளைத் தொட்டு, “தம்பி, நீங்க டிவியில காட்டுறது இருக்கட்டும்ங்க, நாங்க நேர்ல பாக்கத்தானுங்க வந்தோம்” என்றார். அன்றிலிருந்து மேடையின் முன்விளிம்பில் நான் நிற்பதில்லை. பக்கவாட்டுப் படியில்தான் இடம்.

பெண் மண்டபத்துக்குள் நுழையும் காட்சியைப் பின்னோக்கி நடந்து எடுப்பது எப்படி?

முதலில் அந்த வழியைக் கேமரா இல்லாமல் இரண்டு முறை நடந்து பாருங்கள். சிவப்புக் கம்பளத்தின் விளிம்பு எங்கே மடிந்திருக்கிறது, ஒலிபெருக்கிக்காரரின் கேபிள் எங்கே குறுக்கே போகிறது, வாசற்படி எத்தனை விரல் உயரம் என்று கால் அறிந்திருக்க வேண்டும். கேபிளைத் தாண்டும் இடத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டிவிடச் சொல்லுங்கள். வழுக்கும் பளிங்குத் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடப்பதே நல்லது.

உதவியாளர் ஒருவர் உங்களுக்குப் பின்னால் நின்று இடுப்பு வாரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம், ஒரு தட்டுத் தட்டினால் படி, இரண்டு தட்டுத் தட்டினால் நில் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கும் உங்களுக்கும் ஏழெட்டு அடி இருக்கட்டும். முன்னால் விளக்குத் தட்டோடு சின்னக் குழந்தைகள் வந்தால் ஃபோகஸ் விளக்கில் போய் ஒட்டிக்கொள்ளும். முகம் அறியும் ஆட்டோஃபோகஸில் பெண்ணின் முகத்தைத் திரையில் தொட்டுத் தேர்ந்துவிட்டு நடையைத் தொடங்குங்கள். நெற்றிச்சுட்டியும் மாலையும் முகத்தைப் பாதி மறைத்தாலும் இப்போதைய கேமராக்கள் கண்ணைப் பிடித்துக்கொள்கின்றன.

பெண் நடக்கும் வேகத்துக்கு நீங்கள் நடங்கள். உங்கள் வேகத்துக்கு அவரை நடக்கச் சொல்லாதீர்கள். பட்டுச்சேலைக் கொசுவத்தை மிதித்துவிடாமல் நடப்பதே அவருக்குப் பெரிய பாடு. மேடைக்கு நான்கடி முன்பே நீங்கள் ஒதுங்கி நின்று, அவரை முன்னே போகவிட்டுக் கேமராவால் மட்டும் பின்தொடர்ந்து, அவர் படியேறுவதை முதுகுப்புறமிருந்து முடித்தால், வெட்டே இல்லாமல் ஒரு முழுக்காட்சி கிடைத்துவிடும்.

ஜமாப்புக்கும் வள்ளி கும்மிக்கும்?

ஜமாப்பில் மேளக்காரர்களே சுற்றி ஆடுவதால் நீங்கள் ஆட வேண்டியதில்லை. கிம்பலை இடுப்புக்குக் கீழே தாழ்த்தி, மேளத்தின் தோல்மட்டத்தில் வைத்து வட்டத்துக்குள் ஒரு முறை மெதுவாக நுழைந்து வெளியேறினால் போதும். வள்ளி கும்மியில் வட்டத்தோடு சேர்ந்து, அவர்கள் சுற்றும் திசையிலேயே நடக்க வேண்டும். எதிர்த்திசையில் நடந்தால் எல்லோரும் ஓடுவதுபோல் தெரியும். கைதட்டு விழும் கணத்தில் அடி வைத்தால் உங்கள் காலதிர்வுகூடத் தாளத்தில் மறைந்துவிடும். இது எனக்கு யாரும் சொல்லித்தராத, தற்செயலாகக் கிடைத்த தந்திரம்.

வெளிப்புறப் படப்பிடிப்பில் காற்றும் வெயிலும்?

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆவணி மாதங்களில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் என்ன செய்யும் என்பது அங்குள்ள காற்றாலைகளுக்குத் தெரியும். லென்ஸின் முன்னால் மாட்டும் அகன்ற ஹூடு காற்றில் பாய்போல் வேலை செய்து மோட்டாரைத் தள்ளும். கழற்றிவிட்டு மறுபடி பேலன்ஸ் செய்யுங்கள். தென்னந்தோப்புக்குள் போய்விட்டால் காற்று பாதியாகிவிடும், நிழலும் கிடைக்கும். ஆனால் தோப்பில் மண் பொதபொதவென்று இருப்பதாலும் உரித்த மட்டைகள் கிடப்பதாலும் நடை கெட்டுவிடும். வாய்க்கால் கரையோ வண்டித்தடமோ தேர்ந்துகொள்ளுங்கள்.

வெயிலில் 1/50 ஷட்டரைக் காப்பாற்ற என்டி ஃபில்டர் வேண்டும். வைகாசி மாத ஈரோட்டு வெயிலில் 4கே எடுத்தால் கேமரா சூடாகி நின்றுவிட வாய்ப்புண்டு. கேமராவுக்கு நிழல் தரக் கருப்புக் குடையைவிட வெள்ளைத் துண்டு நல்லது.

கிம்பலில் இருக்கும் கேமராவின் ஒலியைப் பயன்படுத்தலாமா?

சூழல் ஒலிக்கு மட்டும். மோட்டாரின் முனகலும் உங்கள் மூச்சும் அதில் சேரும். நாதஸ்வரத்துக்கும் மங்கல வாழ்த்துக்கும் தனி ரெக்கார்டர் வையுங்கள்.

கை வலி தாங்கவில்லை. என்ன செய்வது?

ஆர்எஸ் 3 கிம்பலே சுமார் 1.3 கிலோ. மேலே சொன்ன கேமரா, லென்ஸோடு சேர்ந்தால் 2.6 கிலோவைத் தாண்டுகிறது. அதன் பேட்டரி 12 மணிநேரம் வரை நிற்கும் என்று நிறுவனம் சொல்கிறது. உங்கள் மணிக்கட்டுக்கு அப்படி எவரும் உறுதி தரவில்லை. சீர்களுக்கு நடுவே கீழே வைத்துவிடுங்கள், ஆனால் மோட்டாரை உறக்க நிலைக்குக் கொண்டுபோய்விட்டு வையுங்கள். அடியில் விரியும் சிறு முக்காலியை நம்பி மேடை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். அந்த வழியாகத்தான் பட்டுப்பாவாடைகள் ஓடும். பிடிக்குப் பின்புறம் மாட்டும் இரண்டாவது கைப்பிடி ஒன்று வாங்கிக்கொண்டால், கைப்பெட்டியைத் தூக்குவதுபோல் தாழ்த்திப் பிடிக்கலாம், தோள் ஓய்வெடுக்கும்.

கிம்பல் இல்லாமல் எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் சரிசெய்ய முடியாதா?

ஓரளவு முடியும். சோனி ஏ7 IV, எஃப்எக்ஸ்3 போன்ற கேமராக்கள் எடுக்கும்போதே தம் அசைவையும் பதிந்துவைக்கின்றன. கேட்டலிஸ்ட் பிரவுஸ் என்ற சோனியின் மென்பொருளோ, இலவசமாகக் கிடைக்கும் கைரோஃப்ளோவோ அதைப் படித்துப் படத்தை நேராக்கும். அதற்கு இரண்டு விலை உண்டு: ஓரங்கள் வெட்டுப்படும், ஷட்டர் 1/50இல் இருந்தால் ஆட்டம் போனாலும் அந்த ஆட்டத்தால் ஏற்பட்ட மங்கல் போகாது, நின்ற முகம் திடீர் திடீரென்று கலங்கும். வேகமான ஷட்டருக்கு வெளிச்சம் வேண்டும். விடியற்காலை முகூர்த்தத்தில் மண்டபத்துக்குள் அந்த வெளிச்சம் இருக்காது. பகல் வெளிச்சத்தில் சீர்வரிசை வண்டி வந்து இறங்குவதைக் கிம்பல் இல்லாமல் கையில் பிடித்தே எடுப்பதற்கு நான் இதைப் பயன்படுத்துகிறேன்.

செல்போன் கிம்பலோ பாக்கெட் கேமராவோ போதாதா?

ரீல்ஸுக்குப் போதும். 2023 அக்டோபரில் வந்த ஆஸ்மோ பாக்கெட் 3 என்ற பாக்கெட் கேமராவில் ஓர் அங்குல சென்சாரே இருக்கிறது. எடை 179 கிராம். பந்தியில் இலைகளுக்கு நடுவே பெரிய கிம்பலோடு போனால் பரிமாறுபவர் சாம்பார் வாளியோடு நின்று முறைப்பார். இதோடு போனால் கண்டுகொள்ள மாட்டார். இருட்டில் நெருங்கிய முகங்களுக்குப் பெரிய கேமராதான்.

பழக எவ்வளவு காலம் ஆகும்?

தினம் அரைமணி நேரம் நடந்தால் ஒரு மாதத்தில் நடை வந்துவிடும். அதற்கென்றே அமைந்தது ஆடி மாதம். முகூர்த்தம் இல்லை, மண்டபங்கள் காலியாகக் கிடக்கின்றன, தெரிந்த மண்டப மேலாளர் சாவியைக் கொடுத்துவிடுவார். வாசலிலிருந்து மேடை வரை வீட்டிலுள்ள யாரையாவது தட்டோடு நடக்கவிட்டு, முன்னும் பின்னும் நடந்து எடுத்து, அன்றிரவே பெரிய திரையில் பாருங்கள். கேமராவின் சின்னத் திரையில் எல்லா நடையும் நன்றாகத்தான் தெரியும். பேலன்ஸையும் கடிகாரம் வைத்துப் பழகுங்கள்: கலைத்துவிட்டுத் திரும்பச் செய்ய எனக்கு முதலில் கால் மணிநேரம் ஆனது, இப்போது மூன்று நிமிடம்.

ஒரே நாளில் இரண்டு முகூர்த்தம் இருந்தால்?

முதல் மண்டபத்தில் கேமராவைக் கழற்றாதீர்கள். மூன்று மூட்டுகளையும் லாக் செய்து, பையில் அப்படியே படுக்கவைத்து, காரின் பின்இருக்கையில் ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு வரட்டும். வழியில் பேட்டரியைச் சார்ஜரில் போட்டுவிடுங்கள். அடுத்த மண்டபத்தில் இறங்கியதும், மோட்டாரைப் போடுவதற்கு முன் லாக்குகளைத் திறந்தாயிற்றா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்; பூட்டிய மூட்டோடு மோட்டாரை ஓடவிட்டு, பந்தலுக்குள் மாப்பிள்ளை கார் நுழையும் நேரத்தில் அலாரம் கேட்டு விழித்தவர்களில் நானும் ஒருவன்.